மீட்டரில் கத்திய கல்

செவ்வாய், இரவு.

ஆகுர்டியில் ஷிப்ட் முடிந்து வரும்போதே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தால், பெண்டாட்டி செல்வி தன் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டிருக்கிறாள். எல்லாம் பாணேரிலிருந்து மச்சினி கொண்டு வந்த கறுப்புக் கல்லால் வந்தது. ஷுங்கைட்டாம். ரஷ்யாவில் தோண்டுகிறார்களாம், இருநூறு கோடி வருஷப் பழசாம், உள்ளே எல்லாம் கரியாம். அதைப் போட்டு ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் மாத்திரையே வேண்டாமாம்.

சாயம் பூசிய சரளையைத்தான் எவனோ மச்சினி தலையில் கட்டியிருப்பான் என்று நினைத்தேன். அசல் ஷுங்கைட்டில் கரண்ட் பாயும் என்று போனில் போட்டிருந்தது. நான் எலக்ட்ரீஷியன் ஆயிற்றே, கரண்ட் பாய்ந்தால் கத்துகிற மல்டிமீட்டரைப் பையிலிருந்து எடுத்தேன். "இப்ப சாயம் வெளுத்துடும் பாரு" என்று இரண்டு முனையையும் கல்லில் வைத்தேன்.

மீட்டர் பீப் என்று கத்தியது. கல்லைத் திருப்பி வைத்தேன். அப்போதும் கத்தியது.

"பாத்தீங்களா, அசல்!" என்றாள் செல்வி.

கரண்ட் பாய்கிறதெல்லாம் மருந்தா, அப்படியென்றால் ஒயரை ஊறவைத்துக் குடி என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவே இல்லை. தங்கச்சிக்குப் போன் போட்டு, "அவரே செக் பண்ணிட்டார்டி" என்கிறாள். சர்டிபிகேட் கொடுத்தவனே நான்தான்.

இனி சண்டை போடத் தெம்பில்லை. காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்து, அந்தக் கல்லுத் தண்ணீரையே ஊற்றி விழுங்கச் சொல்லப் போகிறேன். பிரஷர் இறங்கினால் பேர் கல்லுக்கே போகட்டும்.