வாசனைக்கு வந்தவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

"சார், தேனீ சாகும்போது யாரையாவது கூப்பிடுமா?" என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் எப்போதோ கேட்டது. கூப்பிடும் என்றேன். வாயால் அல்ல, வாசனையால். தெருவில் யாராவது 'ஐயோ' என்று கத்தினால் பக்கத்து வீட்டில் கதவு திறக்கும் இல்லையா, அந்த மாதிரி என்று உதாரணமும் சொன்னேன்.

இன்று மனைவியின் கட்டிலை ஒட்டிய ஜன்னலில் அதே பாடம் நடந்தது. தொட்டிச் செடியின் வெள்ளைப் பூவில் பதுங்கியிருந்த சிலந்தி ஒரு தேனீயைக் கவ்வியது. கொஞ்ச நேரத்தில் கடுகளவு ஈக்கள், எங்கிருந்துதான் வந்தனவோ, தேனீயின் மேல் இறங்கின. கசிந்ததை உறிஞ்ச ஆரம்பித்தன. பிடித்தது சிலந்தி, பந்தியில் உட்கார்ந்தது இவை. அடிபட்ட தேனீயின் வாசனையை மோந்துதான் வருகின்றன.

என் கையிலிருந்த பூதக்கண்ணாடியை வாங்கி மனைவியும் பார்த்தாள். "பாவம், அது யாரையோ கூப்பிட்டுது. வந்தது வேற ஆளு" என்றாள். பிறகு வெகுநேரம் இருமினாள்.

மார்ச் 5

டாக்டர் வந்து போனார். "பேச்சுக்குத்தான் மூச்சு அதிகம் செலவாகுது. அளவா பேசச் சொல்லுங்க." நுரையீரலுக்கு இனி செய்ய ஒன்றுமில்லை என்பதை வராந்தாவில் என்னிடம் மட்டும் சொன்னார்.

தொலைவில் இருக்கும் மகளுக்கு இது நிறைமாதம், பயணம் கூடாது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அழைப்பாள். அந்த ஒரு அழைப்புக்காக இவள் பகலெல்லாம் மூச்சைச் சிறுவாடு சேர்க்கிறாள்.

நான் செய்த காரியம் வேறு. பயத்தில் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், மாடி வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். வருகைப்பதிவு எடுத்தே பழகிய ஆள், ஒருவரையும் விடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வந்துவிட்டார்கள்.

முதலில் அவள் அண்ணன். "எப்படி இருந்தவ இப்படி ஆயிட்டியே! சரி, எப்படி ஆரம்பிச்சுது? முதல்ல இருந்து சொல்லு." இவள் கதை சொல்வதில் கெட்டிக்காரி. முதல் இருமலிலிருந்து சொன்னாள், நடுவில் இரண்டு ஜோக் வேறு. முடிக்கும்போது என் பழைய தலைமை ஆசிரியர் உள்ளே வந்தார். "என் காதுல விழலையேம்மா, எப்படி ஆரம்பிச்சுது?"

மறுபடியும் முதல் இருமல்.

மகள் அழைத்தாள். போனைக் காதில் வைத்தேன். "அம்மா? அம்மா, பேசும்மா." இவளால் "ம்" என்றுதான் சொல்ல முடிந்தது.

மார்ச் 9

இன்றும் கூட்டம். மகளுக்கு இருமல் மட்டும்தான் கேட்டது.

மார்ச் 11

செடியில் இன்னொரு தேனீ. மறுபடி அந்த ஈக்கள். சிலந்தியின் வாய்க்கருகிலேயே துணிந்து உட்காருகின்றன, அது விரட்டக்கூட இல்லை. பார்த்த அளவில் சிலந்திக்குப் பெரிய நஷ்டம் எதுவும் தெரியவில்லை. இத்தனை நாள் நான் இதைச் சிலந்தியிடம் நடக்கும் திருட்டு என்றே நினைத்திருக்கிறேன். தேனீயின் பக்கமிருந்து யோசித்ததே இல்லை.

ஆனால் வருகிறவர்களை ஈ என்று எப்படிச் சொல்வது? அழுகிறார்களே. அது பொய்யழுகை இல்லையே. பாசத்தோடு வருகிறவரிடம் "வராதே" என்று எந்த வாயால் சொல்ல?

சொல்லாவிட்டால்?

மார்ச் 12, வியாழன்

சொன்னேன். மச்சான் செருப்பைக் கழற்றும்போதே வாசலில் நின்றுகொண்டேன்.

"என்ன மாப்பிள்ளை, வழியை அடைச்சுக்கிட்டு?"

"அவளைப் பாருங்க மச்சான். பேச வைக்காதீங்க. சும்மா பக்கத்துல உக்காருங்க."

"கூடப் பிறந்தவகிட்ட ரெண்டு வார்த்தை பேச உங்ககிட்ட லீவ் லெட்டர் குடுக்கணுமா?"

"மூச்சு இல்ல மச்சான் அவளுக்கு. இருக்கறது அவ பொண்ணுக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். உள்ளே இவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "கோவிச்சுக்கிட்டானா? வருவான். சின்ன வயசுலயே அவன் கோவம் அடுத்த வேளை சாப்பாடு வரைக்கும்தான்."

விளக்கு வைத்ததும் மகள் அழைத்தாள். நான் அறையை விட்டு வெளியே வந்தேன். இவள் குரல் கேட்டது. மெல்லிய குரல், இருமல் இல்லாமல். கடைசியாகக் காதில் விழுந்தது: "குழந்தை அழுதா பதறி ஓடாதே. எதுக்கு அழுவுதுன்னு கொஞ்சம் கேளு. அப்புறம் தூக்கு."

உள்ளே போனதும் ஆவலை அடக்க முடியாமல் கேட்டேன்: "என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?"

கண்ணை மூடியபடியே சிரித்தாள். "அதையும் முதல்ல இருந்து சொல்லணுமா, வாத்தியாரே?"

போர்வையை இழுத்துவிட்டு விளக்கைத் தணித்தேன்.

மார்ச் 13

விடியலில்.

மார்ச் 17, செவ்வாய்

வீடு நிறைய ஆட்கள். "கடைசியா என்ன சொன்னாங்க? எப்படி ஆச்சு?" ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறேன். மாலையில் மகள் அழைத்தபோது எனக்குக் குரல் எழும்பவில்லை. "அப்பா, இருக்கீங்களா?" என்கிறாள். இருக்கிறேன் என்று சொல்லக்கூட வரவில்லை.

மச்சான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். "நாளைக்கு வாங்க" என்று வெளியே யாரிடமோ சொல்வது கேட்டது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. போனை என் காதில் பிடித்துக்கொண்டிருந்தார், எனக்குக் குரல் வரும் வரை.

என்றாவது இதைப் படிக்கிறவருக்கு: படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால், ஒரே ஒரு தடவை, எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.