வசந்தாவுக்குப் போட்ட ஊசி

12 ஆகஸ்ட் 2009, புதன். திருமுல்கேரி

நேற்று வசந்தாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். இன்று காலையிலிருந்து ஒரே வாந்தி. வலி மாத்திரைகூட வயிற்றில் தங்கவில்லை. ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வாந்தியும் வலியும் குறையும் என்றார் டாக்டர்.

"நக்கோ டாக்டர், வேண்டாம்" என்று கையை இழுத்துக்கொண்டாள். ஆஸ்துமாவுக்கு வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டு அவளுடைய அக்காவுக்கு முகம் ஊதிப்போனதைப் பார்த்தவள்.

"இது ஒரே ஒரு டோஸ்தாம்மா. முகம் ஊதாது. சர்க்கரை கொஞ்சம் ஏறலாம், பாத்துக்கறோம்" என்றார் அவர்.

வசந்தா என் பக்கம் திரும்பினாள். "மூஞ்சி ஊதினா என்னை அடையாளம் தெரியுமா உங்களுக்கு?"

"நடையை வச்சே கண்டுபிடிச்சிடுவேன்."

"அதைத்தான் நேத்து மாத்திட்டாங்களே!"

சிரித்ததில் வலித்து முகத்தைச் சுளித்தாள். பிறகு தானே கையை நீட்டினாள்.

சாயங்காலம் ரசம் சாதம் நாலு வாய் உள்ளே போய்த் தங்கியது. வாக்கரைப் பிடித்து ஐந்தடி நடந்தாள். இரவுத் துணைக்கு எங்கள் மகள் வந்ததும் நான் கிளம்பினேன்.

"நேத்துலேர்ந்து நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள் வசந்தா. எனக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்து தயிர் சாதம் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். காலையில் போனதும் மறுபடி கேட்பாள்.