ஒன்பதாம் ரூமுக்கு வந்த ஜெர்சி

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். மேல்காற்று, சுத்த வறட்டுக் காற்று. பட்டாசு மருந்து வேலைக்கு ஆகவே ஆகாது. நாரணாபுரம் வேன் கால் மணி தாமதம். தீபாவளிக்கான பூச்சட்டி ஆர்டர் முக்கால்வாசி பாக்கி.

சின்ன முதலாளி மதுரையில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்திருக்கிறார். (இனி சி.மு. என்றே எழுதுகிறேன், முழுதாக எழுதக் கை வலிக்கிறது.) ஜெயிக்கிற விளையாட்டு அணிகளிடம் கம்பெனிகள் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று பாடமாம். போர்மேன்கள் எங்கள் மூன்று பேரையும் ஆபீசில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொன்னார். இனி ஒவ்வொரு ரூமும் ஒரு டீம். கேட் பக்கத்தில் போர்டு. எந்த ரூம் எத்தனை பெட்டி என்று மூன்று வேளை எழுத வேண்டும். சீசன் முடியும்போது முதலில் நிற்கும் ரூமுக்குக் குற்றாலம்.

"ராணியக்கா, நீங்க கபடி கேப்டனா இருந்தவுக. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

கேப்டன் என்றதும் பல்லைக் காட்டிவிட்டேன். மருந்து இருக்கும் இடத்தில் யார் முந்துகிறார்கள் என்று போட்டி வைக்கலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 20, புதன்

போர்டு வந்து இரண்டு நாள். பார்த்தவை:
– தண்ணீர்க் குடம் அப்படியே இருக்கிறது. கக்கூசுக்குப் போனால் நேரம் போகும் என்று எவளும் குடிப்பதில்லை.
– நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் கரண்ட் இருந்தால் இறங்கிவிடும். இப்போது விரல் நுனியால் தட்டிவிட்டு ஓடுகிறார்கள்.
– 4ஆம் ரூமில் ஐந்தாவதாக ஒருத்தி. நாலு பேருக்கு மேல் கூடாது. திட்டி வெளியே அனுப்பினேன். "எங்க டீம கெடுக்கவே வாராக" என்று முதுகுக்குப் பின்னால் முனகல்.

மதியம் முத்துமாரி வந்தாள். 9ஆம் ரூம். என் கூடப் படித்தவள், கூட ஆடியவள். வலது முட்டி சரியாக மடங்காது. ஓட முடியாதவள் வாசலோரம் உட்கார வேண்டும் என்பது எங்கள் கம்பெனியில் எழுதாத சட்டம். பதினோரு வருஷமாக அவள் இடம் அதுதான். ஆனால் மருந்துத் தட்டு இருப்பது உள் மூலையில், வெயில் படாமல். சட்டியில் மருந்து அடைப்பதில் அவள் கைக்கு இணை கிடையாது.

"ராணி, என்னைய உள்ள மாத்தி விடு. தட்டு பக்கத்துல இருந்தா நான் ரெண்டு மடங்கு அடைப்பேன். பதினொண்ணாம் ரூம்காரி போர்டைப் பாத்து என்னா சிரிப்பு சிரிக்கா தெரியுமா?"

"உன் முட்டி?"

"ஒரு வாரத்துக்குத்தான். உன் கால்ல வேணா விழுறேன்."

விட்டேன். அவள் பாயை நானே உள் மூலையில் போட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காற்று குறையவில்லை. அத்தைக்குக் கண் சொட்டு மருந்து. கேஸ் புக் பண்ண வேண்டும். புளி. இவருக்குச் செருப்பு (சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அவரே வாங்கட்டும்).

போர்டில் 9 முதலிடம். முத்துமாரி கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து இறுதி ஆட்டத்தன்று இருந்த அதே முகம். அன்று பாதி ஆட்டத்தில் அவள் முட்டி பிசகியது. சார் என்னிடம்தான் கேட்டார், "அவ ஆடுவாளா?" என்று. ஆடுவா சார் என்றேன். ஜெயித்தோம். கோப்பை இன்னும் அந்த ஸ்கூல் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அவள் அதற்குப் பிறகு சம்மணம் போட்டதில்லை.

நாளை விருதுநகரில் பாதுகாப்பு வகுப்பு. என்னைத்தான் போகச் சொல்லியிருக்கிறார் சி.மு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விருதுநகர் வகுப்பு சீக்கிரம் முடிந்தது. பஜாரில் அரைக் கிலோ வத்தல் வாங்கி பஸ் ஏறினேன். பதினொன்றரைக்குக் கம்பெனி. கேட்டில் வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போர்மேனம்மா, உங்க ஆளுகளுக்குச் சட்டை வந்திருக்கு. பளபளன்னு."

டீம் ஜெர்சி. முதலிடத்தில் இருப்பவர்களுக்கு முதலில் என்று 9ஆம் ரூமுக்கு மட்டும் சி.மு. கொடுத்திருக்கிறார். மஞ்சள் நிறம், முதுகில் எண். மிச்சத்தை வைத்திருந்த ஆபீஸ் ஸ்டோரில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். பாலியஸ்டர். சுத்த பாலியஸ்டர். இந்தக் காற்றில்.

வழக்கமாக எல்லோரும் சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள். நைலான், பாலியஸ்டர் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதலாளியே கொடுத்த சட்டை.

ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கத்தினால் பதறி எழுவார்கள், சட்டை உரசிப் பொறி வரும். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். செம்புத் தகட்டில் முழு உள்ளங்கையையும் வைத்தேன். உள்ளே நாலு மஞ்சள் முதுகு. முத்துமாரி மூலையில், காலை நீட்டி, மடிக்குப் பக்கத்தில் மருந்துத் தட்டு. திறந்த தட்டு.

"யாரும் எந்திரிக்காதீக. கை வேலைய மட்டும் நிப்பாட்டுங்க." என் குரல் எனக்கே அடுத்தவள் குரல் மாதிரி இருந்தது.

நான் கட்டியிருந்தது பருத்திச் சேலை. குனிந்து தட்டை மூடினேன். இரண்டு கையாலும் எடுத்தேன். வாசல் வரை எட்டுத் தப்படி. வெளியே மணல் மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வாசல்காரியை முதலில், பிறகு மற்ற இருவரை, ஒவ்வொருத்தியாக வெளியே அனுப்பினேன். மெதுவாக. முத்துமாரி மட்டும் மிச்சம். அவள் கை முழுக்க மருந்து, பாயில் மருந்து. தண்ணீர் ஊற்றவும் முடியாது. அலுமினியத் தூள் கலந்தது, நனைந்தால் சூடேறும், அது தனி வில்லங்கம்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ராணி, முட்டி மடங்கல."

"மடக்காத. என் கழுத்தைப் பிடி."

தூக்கினேன். கனமாகத்தான் இருந்தாள். அந்தச் சட்டை என் கையில் உரச உரச எனக்கு மூச்சு இல்லை. வாசலைத் தாண்டி, மணலைத் தாண்டி, வேப்பமரம் வரை நடந்துதான் இறக்கினேன்.

இறக்கியதும் அழுவாள் என்று நினைத்தேன். "சட்டையப் பிடுங்கிறாத. ஏழாம் நம்பர். அன்னைக்கு ஆடுறப்ப நமக்கு ஜெர்சி ஏது?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அறைந்திருப்பேன்.

ஒரு மணி நேரம் எல்லா ரூமையும் நிறுத்தினேன். சி.மு. ஓடி வந்தார்.

"லோடு லாரி நிக்கிது. யாரைக் கேட்டு நிப்பாட்டினீக?"

அவரை ஆபீஸ் ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போனேன். அங்கே மருந்து கிடையாது, அட்டைப் பெட்டிதான். மிச்ச ஜெர்சியில் ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். நான் சொன்ன விதத்தைப் பார்த்து மறுபேச்சில்லாமல் போட்டார். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தேன்.

"இப்பக் கழத்துங்க. வேகமா."

சடசடவென்று சத்தம். அவர் தலைமுடி அருகே நீலமாகப் பொடிப்பொடியாய் மின்னியது. இருட்டில் அவர் அப்படியே நின்றார்.

விளக்கைப் போட்டதும் மெதுவாகக் கேட்டார், "டீம்னா ஒரே சட்டை வேணும்னாக. அப்ப வெளையாட்டுல இருந்து நாம கத்துக்க ஒண்ணுமே இல்லையாக்கா?"

"இருக்கு மொதலாளி. முடியாதவள வெளிய உக்கார வைக்கணும். நான் அதைக் கத்துக்கல." இறுதி ஆட்டத்தை முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். முத்துமாரி முட்டியைச் சொன்னேன். புதன்கிழமை இடம் மாற்றிக் கொடுத்ததையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும்.

திரும்பினால் ஸ்டோர் வாசலில் முத்துமாரி. எப்போதிலிருந்து நின்றாளோ. காலை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

போர்டு இல்லை. சி.மு.வே ஆள் வைத்து எடுத்திருக்கிறார். குற்றாலம் எல்லோருக்குமாம். என் வேலை இருக்கிறது போல. யாரும் எதுவும் சொல்லவில்லை. லாரிக்காரர் மட்டும் சத்தம் போட்டார்.

முத்துமாரி வரவில்லை. வேனில் அவள் சீட் காலி. "கோவமா இருக்கா, ஆளு சரியா சாப்பிடல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கறி. இவர் செருப்பு வாங்கிவிட்டார், அளவு சின்னது. அத்தை கண் பரவாயில்லை. முத்துமாரிக்குப் போன் மூன்று முறை. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வேனில் வந்தாள். புருஷனுடைய பழைய நீலச் சட்டை. செம்புத் தகட்டில் முழுக் கையையும் வைத்தாள். ரூம் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"மொதலாளிகிட்ட எல்லாத்தையும் சொன்னியே. அன்னைக்கு ஸ்கூல்ல, முட்டி வலிக்கிறத சார்ட்ட சொல்லிறாதன்னு நான் உன் கையப் பிடிச்சு அழுதேன்ல. அதை ஏன் சொல்லல?"

"கேப்டன் நான்."

"ஆமா, நீதான் கேப்டன். அன்னைக்குக் கெஞ்சினேன், விட்ட. போன வாரமும் கெஞ்சினேன், விட்ட." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "இனிமே நான் என்ன கெஞ்சினாலும் விடாத ராணி."

சரி என்றேன். அவள் பாயை எடுத்து வாசலோரம் போட்டேன்.