ஒரு புள்ளியில் தொலைந்த நாடு

9 டிசம்பர் 1979, சங்ககிரி

உலகத் தமிழ் மக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது: ஈப்போவில் வாங்கிய என் வலது கால் செருப்பு இன்று பிற்பகல் சங்ககிரி பஸ் நிலையத்தில் வார் அறுந்து காலமானது. இடது செருப்பு கதறவில்லை. தூசி அதன் வாயை அடைத்துவிட்டது.

முன்னோர் மண்ணைப் பார்க்க எங்கள் இளைஞர் சங்கம் மலேசியாவிலிருந்து கப்பலேற்றிக் கூட்டி வந்திருக்கிறது. பார்த்தேன். மண்தான். முன்னோரைக் காணோம்.

அதுவும் என் முன்னோர் இங்கே இல்லை. தாத்தாவின் அப்பா கப்பலேறியது 'சேலம் ஜில்லா, கீழக்கரை' என்று அப்பா அடித்துச் சொல்லி அனுப்பினார். அட்லசில் தேடினேன். கீழக்கரை ராமநாதபுரத்துக் கடலோரம் கிடக்கிறது. சேலத்தில் கடல் இல்லை என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சங்கம் அந்தப் பக்கம் போவது பதினேழாம் தேதிதான். அதுவரை நான் இங்கே வற்றல்.

எனக்கு வேலை ஒன்றுதான். அக்கா சௌந்திரத்தை எங்கள் ஊர் வேலுசாமி அண்ணனுக்குப் பெண் கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்குக் கொள்ளை இஷ்டம். அவர்கள் 'காடைக் கூட்டம்'. நாங்கள் என்ன கூட்டம் என்று எங்களுக்கே தெரியாது. நாங்களும் காடை என்றால் ஒரே வம்சமாம், அண்ணன் தங்கை முறையாம், கல்யாணம் கிடையாதாம். கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஒரு பறவையின் பெயருக்காகக் கடல் முழுக்க வாந்தியெடுத்து வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

10 டிசம்பர்

வரலாறு சொல்ல உள்ளூர்ப் பள்ளியிலிருந்து எங்களுக்குத் துணை கொடுத்தார்கள். எனக்கு வாய்த்தவர்கள் பத்தாம் வகுப்பு கருப்பண்ணன், குப்பாயி. அவன் கனைத்துவிட்டுத்தான் பேசுவான். அவள் கனைக்கவும் நேரமில்லாமல் பேசுகிறாள்.

"நீங்க எந்த நாடுங்க?" என்றாள்.

"மலேசியா."

"அது தெரியாதுங்களா? அதுக்கு முந்தி எந்த நாடு?"

"இந்தியா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இவர்களுக்கு இந்த ஜில்லாவுக்குள்ளேயே ராஜா காலத்து நாடு ஏகப்பட்டது இருக்கிறது. ராசிபுர நாடாம், பருத்திப்பள்ளி நாடாம். டவுன் பஸ்ஸில் தூங்கிவிட்டால் வெளிநாட்டில் போய் இறங்க வேண்டியதுதான். "விசாவைக் கண்டக்டரே கிழித்துக் கொடுப்பாரா?" என்றேன். கருப்பண்ணனுக்குப் புரியவில்லை. குப்பாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

குறித்துக்கொள்: இந்த நாடுகள் அத்தனையிலும் எனக்கு ஒரு ரசிகை.

என் பெயர் சென்னியப்பன் என்றதும் அவளுக்கு இன்னொரு சிரிப்பு. அவளுடைய அண்ணன் பெயரும் அதுவேதானாம். பள்ளியில் என்னைச் சனியப்பன் என்பார்கள் என்பதைச் சொல்லவில்லை.

12 டிசம்பர்

கோட்டை. மலைக்கு மேல் கல், கல்லுக்கு மேல் வெயில்.

"இங்கதானுங்க சின்னமலையத் தூக்குல போட்டாங்க" என்றாள் குப்பாயி, நேற்று நடந்ததுபோல. எங்கள் பாடப் புத்தகத்தில் இந்தியாவுக்கு இரண்டு பக்கம். அதில் ஒரு பக்கம் தாஜ்மகால் படம். ஆனாலும் தெரிந்ததுபோல் தலையாட்டினேன்.

பிறகு நான் அவர்களுக்கு மலேசிய வரலாறு சொன்னேன். அங்கே ரப்பர் மரத்தில் செருப்பு நேராகவே காய்க்கும். என்னுடையது பிஞ்சிலேயே பறித்தது, அதனால்தான் பிஞ்சுபோனது. கருப்பண்ணன் அறுந்த செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"செருப்புத்தான் பிஞ்சுங்க. வாயி நல்லா முத்திப் போயிருக்குது" என்றாள் குப்பாயி.

13 டிசம்பர்

என் சட்டை நன்றாக இருக்கிறதாம். அவளே சொன்னாள். ஒரு பெண் என்னை நினைத்து உருகுகிறாள் என்று சங்கத்துப் பையன்களுக்கு முறைப்படி அறிவித்துவிட்டேன்.

14 டிசம்பர்

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, சிரிப்பு மூட்டலாமே என்று அப்பாவின் பூகோளத்தை எடுத்துவிட்டேன். சேலம் ஜில்லாவில் கடலோரக் கீழக்கரை.

கருப்பண்ணன் கனைத்தான். "கீழக்கரைங்களா, கீழ்க்கரைங்களா?"

"என்ன வித்தியாசம்?"

"ஒரு புள்ளிங்க." குச்சியால் மண்ணில் எழுதி, ழ-வின் தலையில் குத்தினான். "காவேரிக்குக் கீழ்க்கரை. கீழ்க்கரைப் பூந்துறை நாடு. அது ஊரு இல்லீங்க. நீங்க நின்னுட்டிருக்கறதே அதுலதான்."

நான் காலைப் பார்த்தேன். அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எத்தனை வருஷமாக ஒரு புள்ளியை விட்டுவிட்டுக் கடற்கரையில் தேடிக்கொண்டிருக்கிறோம். இதில் அவரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் வேறு — சரி, விடு.

"கப்பலேறினவரு பேரென்னங்க?"

"தங்கசாமி. கிணற்றுப் பங்கில் அண்ணனோடு சண்டையாம்."

குப்பாயி சிரிப்பை நிறுத்தினாள். "நாளைக்கு எங்க ஊட்டுக்கு வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

15 டிசம்பர்

மூன்று முறை தலை வாரிக்கொண்டு போனேன்.

அவளுடைய அப்பா சுவாமிநாதன் என்னை நிற்க வைத்தே கேட்டார்: "தங்கசாமியோட மூத்த பையன் பேரென்னங்க?"

"சென்னியப்பன். என் தாத்தா. அவர் பெயர்தான் எனக்கு."

அவர் உட்கார்ந்துவிட்டார். "எங்க பாட்டனாரோட தம்பிங்க சாமி. பினாங்குக்குப் போனவரு. இருக்காரா இல்லையான்னு தெரியாம கருமாதியே செய்யல. எங்க வம்சத்துல மூத்தவனுக்கு அந்தப் பேருதான்."

எந்தக் கூட்டம் என்று கேட்டேன்.

"ஆந்தைங்க. நாம எல்லாருமே ஆந்தைக் கூட்டம்."

காடைக்கும் ஆந்தைக்கும் தாராளமாகக் கல்யாணம் நடக்கலாமாம். அக்கா பிழைத்தாள். சங்ககிரிக்குத் திரும்பித் தந்தி கொடுத்தேன்: 'நாம் ஆந்தை. கல்யாணம் நடத்தவும்.' தந்தி ஆபீசுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நடுவில் நடந்த ஒன்றை எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன். குப்பாயி சொம்போடு வந்து நின்றாள். "அண்ணா, இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுங்களா?"

16 டிசம்பர்

கீழக்கரைப் பயணத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். குப்பாயி வீட்டார் தங்கள் கோயிலில் — எங்கள் கோயிலில் — பொங்கல் வைக்கிறார்கள். பினாங்குக்காரர் வழியில் மூத்த பேரன் நானாம், நான்தான் அடுப்புப் பற்ற வைக்க வேண்டுமாம்.

ஒரு திருத்தம். உருகினாள் என்பது முழுக்க என் சொந்தச் சரக்கு. சட்டை நன்றாக இருக்கிறது என்றவள், "எங்கண்ணனுக்கும் இதாட்டம் ஒண்ணு எடுக்கோணும்" என்றும் சேர்த்துத்தான் சொன்னாள். அந்த வாக்கியத்தை இங்கே எழுதவில்லை, பையன்களிடமும் சொல்லவில்லை. உருகியது யார் என்று — கேட்காதே.

பறவையாம், கூட்டமாம் என்று அத்தனை நக்கலடித்தவன்தான் இன்று காலை கருப்பண்ணனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்: "ஆந்தையில் பெரிய ஆந்தை, சின்ன ஆந்தை என்று பிரிவு கிரிவு ஏதாவது உண்டா?"

அவன் நிதானமாகக் கனைத்தான்.

"இல்லீங்க. எல்லா ஆந்தையும் ஒண்ணுதான்."