இடது பட்டன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். காற்று சுத்தமாக இல்லை. மணலி ரிஃபைனரி பக்கமிருந்து ஆயில் வாடை மட்டும் தாராளமாக.

வீட்டில் உட்கார்ந்து நான்கு நாள். அடுத்த செவ்வாய் மெடிக்கல். அதில் பாஸானால்தான் துறைமுகத்தில் மறுபடி கிரேன் ஏற முடியும். போன வாரம் கன்டெய்னரை இறக்கும்போது பக்கத்து அடுக்கில் இடது மூலை இடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் இடித்தால் ஆபரேட்டரைக் கீழே இறக்கி மெடிக்கல் பார்ப்பது விதி. பதினாறு வருஷத்தில் எனக்கு இதுதான் முதல் தடவை. தப்பு என்னுடையது இல்லை. கீழே நின்ற சிக்னல்மேன் தேசப்பன் கையே காட்டவில்லை. அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பொழுது போகாமல் பரணைச் சுத்தம் செய்தேன். பழைய ஹெல்மெட் இரண்டு. கஸ்தூரியின் கல்யாண ஆல்பம் (எனக்கும் அன்றைக்குத்தான் கல்யாணம், ஆனால் ஆல்பம் அவளுடையதாம்). அரசாங்கம் கொடுத்த இலவச டிவி, குண்டு முதுகோடு. அதற்குப் பின்னால் டிவி கேம் பெட்டி. கல்யாணமான புதிதில் பர்மா பஜாரில் வாங்கியது. கன்ட்ரோலர் இரண்டு, கேசட் ஒன்று. ஒரு லட்சம் கேம் என்று மேலே அச்சு. உள்ளே இருப்பது ஏழு. அதுவே திரும்பத் திரும்ப வரும்.

மாட்டிப் பார்த்தேன். திரை முழுக்கப் புள்ளி.

ஜூலை 9, புதன்

கேசட்டின் செம்புப் பின்னெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. கடலோரத்தில் எந்தச் சாமானுக்கும் இதுதான் கதி. பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அரை மணி காயவைத்தேன்.

கஸ்தூரி ரேஷன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அங்கேதான் பில் போடுகிறாள். பையைத் தோளில் மாட்டியபடியே, "ஊதிப் போடுய்யா, வந்துரும்" என்றாள். ஊதக்கூடாது, எச்சில் பட்டுத்தான் துரு பிடிக்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். கேசட்டைப் பிடுங்கி ஒரு ஊது. சொருகினாள். வந்துவிட்டது. வந்தது நான் ரப்பர் போட்டதால். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த ட்டுட்டுட்டு பாட்டைக் கேட்டதும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். அவளுக்கு இன்றைக்குக் கடைக்கு லேட்.

டாங்கி ஆட்டம். கீழே நம் கோட்டை. மேலே இடது, நடு, வலது என்று மூன்று இடத்திலிருந்து எதிரி டாங்கி இறங்கும். கோட்டையில் ஒரு குண்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அந்தக் காலத்தில் நான் முப்பது ஸ்டேஜ் தாண்டியவன். இன்று இரண்டாவது தாண்டவில்லை. எட்டு தடவை ஆடி எட்டு தடவையும் இடது பக்கம் வந்த டாங்கியிடம் செத்தேன். இடது பட்டன் வேலை செய்யவில்லை.

கஸ்தூரி டீ தம்ளரைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தட்டிவிட்டேன். இந்த வாரம் இது மூன்றாவது. அவளுக்கு அறிவே வராது.

ஜூலை 10, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது.

கன்ட்ரோலரைத் திறந்தேன். ஐந்து திருகாணி. உள்ளே கார்பன் தடவிய ரப்பர், தேய்ந்துதான் இருக்கிறது. டிவி ரிமோட்டுக்குச் செய்கிற வைத்தியமே இதற்கும்: சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சின்னதாக வெட்டி ரப்பருக்கு அடியில் ஒட்டினேன். டீக்கடையில் காலி பாக்கெட் கேட்டு வாங்கினேன். சட்டைப்பையில் பார்த்துவிட்டு கஸ்தூரி என் வாயை மோந்து பார்த்தாள். சிகரெட்டை விட்டு இத்தனை வருஷம் கழித்தும் நம்பிக்கை இல்லை.

மூடினேன். ஒரு திருகாணி மிச்சம். பரவாயில்லை.

மறுபடி இடது பக்கம் சாவு. இரண்டாவது கன்ட்ரோலரை மாற்றிச் சொருகினேன். அதுவும் அப்படியே. இரண்டுக்கும் ஒரே வியாதியா? அப்படியானால் பெட்டிக்குள்தான் கோளாறு.

ஜூலை 11, வெள்ளி

தண்டையார்பேட்டை. காதர் பாய் கடை. டிவி, ரேடியோ எல்லாம் பார்ப்பார். பெட்டியைப் பார்த்ததும் சிரித்தார். "இத்த இன்னும் வெச்சிகினு கீறியா நைனா?"

முக்கால் மணி நேரம் பார்த்தார். இடது பட்டனை மட்டும் விடாமல் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் டாங்கி நகர்ந்தது.

"பட்டன் பக்காவா கீது. போர்டும் சோக்கா கீது. மெஷின் மேல பழி போடாத."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் பாய் பேஜார் பண்ணுது?"

"உன் டிவில ஓரம் கட் ஆவுதா பாரு."

வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். இடது ஓரத்தை நேராகப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. செங்கல், டாங்கி, எதுவும் கட் ஆகவில்லை. பாய்க்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

சாயந்திரம் நல்ல கடல் காற்று. கஸ்தூரி சீக்கிரம் வந்துவிட்டாள். முட்டை போண்டா. இரண்டு பேரும் சேர்ந்து ஆடினோம். ஒயர் குட்டை என்பதால் டிவிக்கு முன்னால் முட்டி இடிக்க உட்கார்ந்து. திரையில் அவள் டாங்கி இடது பக்கம், என்னுடையது வலது. பதினோரு ஸ்டேஜ். கஸ்தூரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகிறது.

பிறகு, "இப்ப நீ லெஃப்டு பாத்துக்க" என்றாள். கன்ட்ரோலரையும் மாற்றிக்கொண்டோம். நான் குறை சொன்ன அந்தக் கன்ட்ரோலர் இப்போது அவள் கையில். அதில் எல்லா பட்டனும் வேலை செய்கிறது. நான் முதல் ஸ்டேஜிலேயே போனேன். மறுபடி. மறுபடி.

"டாங்கி வந்துகினே கீது, நீ சும்மா குந்திகினு கீற."

"அமுக்கினேன்டி."

"நீ அமுக்கவே இல்லய்யா. அத்த நீ பாக்கவே இல்ல."

சண்டை போட்டேன். கத்தினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

படுத்தபின் யோசித்தது: மூன்று தம்ளர். மூன்றும் என் இடது பக்கம். கதவு நிலையில் இடித்துக்கொண்ட தோள், இடது. கன்டெய்னர் இடித்த மூலை.

ஜூலை 13, ஞாயிறு

லேசான தூறல். திருவொற்றியூர் குப்பத்தில் தேசப்பன் வீடு. போகலாமா வேண்டாமா என்று பஸ் ஸ்டாப்பில் மூன்று வண்டியை விட்டேன். என் புகாரால் அவனைக் கப்பல் பக்கத்திலிருந்து எடுத்து கேட்டில் லாரி எண் எழுதப் போட்டிருக்கிறார்கள்.

மீன் ஆய்ந்துகொண்டிருந்தான். "வாண்ணா" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"அன்னிக்கு நீ கை காட்டுனியா தேசப்பா?"

"காட்டுனேன்ணா. ரெண்டு தபா. அப்பால விசிலும் வுட்டேன், இஞ்சின் சத்தத்துல கேக்கல போல. நீ கீழதான் பாத்துகினு இருந்த. அதான் எனக்கு இன்னான்னே புரியல."

"எங்க நின்ன?"

"எப்பவும் நிக்கிற எடம்தான். உனுக்கு லெஃப்டாண்ட."

 சாப்பிடாமல் விடமாட்டேன் என்றான். வவ்வால் மீன் குழம்பு.  மன்னிப்பு கேட்கத்தான் போனேன். கேட்காமல் வந்துவிட்டேன். கேவலமாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

நாளைக்கு மெடிக்கல். அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பி.பி., சர்க்கரை, சுவரில் எழுத்துப் பலகை. பலகை நேர் எதிரே இருக்கும். கடைசி வரி வரை படிப்பேன். பக்கவாட்டில் யாரும் பார்ப்பதில்லை. ஐந்து நிமிஷத்தில் கையெழுத்து.

தலையை அடிக்கடி இடது பக்கம் திருப்பிக்கொண்டால் சமாளிக்கலாம் அல்லவா? காலை முழுக்க அப்படியே ஆடிப் பார்த்தேன். நான்கு ஸ்டேஜ் தாண்டினேன். ஐந்தாவதில் திருப்ப மறந்தேன், ஒரே ஒரு தடவை. கோட்டை போனது. கிரேனுக்குக் கீழே ஒரு ஷிஃப்டில் எட்டு பேர் நிற்பார்கள்.

கிரேனைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மேலே ஏறினால்தான் நான் ஆள். கீழே யாரோ ஒருவன். பயமாக இருக்கிறது. இந்த நோட்டில்தான் இதை எழுத முடியும்.

கஸ்தூரியிடம் எல்லாம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "நீ இன்னா முடிவு எடுத்தாலும் நான் உன்கூடத்தான் கீறேன். ஆனா தேசப்பன் பொண்டாட்டி மாசாமாசம் என் கடைக்குத்தான் வர்றா. அவ மூஞ்ச நான் பாக்கணும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஜூலை 15, செவ்வாய்

மேகமூட்டம். கப்பல் மூன்று, வெளியே காத்திருக்கின்றன.

முதலில் ஆபீஸ். ஒரு தாள் கொடுத்தேன்: அன்றைக்கு தேசப்பன் கை காட்டினார், நான்தான் பார்க்கவில்லை, அவரைப் பழைய இடத்தில் போடவும். அதை முதலில் கொடுத்ததே, மெடிக்கல் முடிந்தால் மனசு மாறிவிடும் என்றுதான்.  கிளார்க் படிக்காமலே சீல் குத்தினார்.

பிறகு டாக்டர். புதியவர், சின்ன வயசுப் பெண். பி.பி. கொஞ்சம் அதிகம் என்றார். எழுத்துப் பலகை. இரண்டு கண்ணும் தனித்தனியாக. கடைசி வரி வரை ஒரு எழுத்து பிசகவில்லை. "சூப்பர்" என்று ஃபாரத்தை இழுத்துப் பேனாவை எடுத்தார்.

 அவர் தன் கையெழுத்தின் முதல் எழுத்தைப் போடுகிற வரை எனக்கு வாய் வரவில்லை. அப்புறம், "மேடம், பக்கவாட்டுலயும் பாருங்க, இடது பக்கம்" என்றேன். ஏன் என்றார். டிவி கேமில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டார்.

"நேரா என் மூக்கையே பாருங்க. கண்ணத் திருப்பக் கூடாது. விரல் ஆடுறது தெரிஞ்சா உடனே சொல்லுங்க."

வலது பக்கம் உடனே சொன்னேன். வலது கீழே, அதுவும் உடனே. இனி இடது என்றார். அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். ஃபேன் சத்தம். வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்.

"எப்ப மேடம் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.