நல்லவர் என்று சொல்லாத பிரசங்கம்

8-11-68, வெள்ளி

மழை. தெருவில் தறிக்குப் பாவு நூல் விரிக்க வழியில்லை. வீடெல்லாம் ஈரத் துணி. ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டர் சாமுவேல் சார் விடியற்காலை காலமானார். பாதி ஊருக்கு வாத்தியார். நாளை அடக்கம்; இந்தச் சபைப் போதகர் என் வீட்டுக்காரர்தான், பிரசங்கம் அவருடையது.

"சாரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றேன் இவரிடம். "கிருபையைப் பத்திச் சொல்றேன்" என்றார்.

பெங்களூரில் இறையியல் படித்து வந்ததிலிருந்து இப்படித்தான். பழைய உபதேசத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்களாம். புது வைதீகமாம். மனிதன் பாவி, நற்குணம் செல்லாது, கிருபை ஒன்றே. முன்பிருந்த போதகர் இயேசுவை நல்ல ஆசிரியர் என்பார். சந்தோஷமாக வீடு திரும்புவோம்.

9-11, சனி

பெட்டியை எதிரில் வைத்துக்கொண்டு, "இவரும் பாவிதான். நற்செயல் இவரைக் காப்பாற்றாது. கிருபை இவரையும் மன்னிக்கும்" என்கிறார்! கோயில் கொள்ளாத கூட்டம். சாருக்குப் போர்த்தப் பட்டுச் சால்வையோடு வந்த பழைய மாணவர், நெசவுக்காரர், வாசலிலேயே: "இன்னாபா இது, செத்தவரைத் திட்டிக்கினு இருக்காரு?"

சாரின் மனைவி எஸ்தர் அம்மாள் தலை நிமிரவே இல்லை. வெட்கத்தில் செத்தேன். இவருக்குச் சோறு போட்டதோடு சரி.

10-11, ஞாயிறு

ஆராதனைக்குப் பாதிப் பேர் இல்லை. கமிட்டிச் செயலாளர்: "எஸ்தரம்மா ஒரு வார்த்தை சொன்னா போதும், பிஷப் கிட்ட போயிடுவோம். மாத்தல்தான்."

இங்கே வந்து நான் வைத்த முருங்கை இப்போதுதான் பூத்தது.

11-11, திங்கள்

வெயில். மண்ணெண்ணெய் வாங்கணும்.

எஸ்தர் அம்மாள் வந்தார்கள். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் உட்காரவில்லை.

"போதகர் ஐயருக்கு யாரும்மா சொன்னது?"

"எதைம்மா?"

ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினார்கள். பிரம்புத் தழும்பு, வரி வரியாக. "கட்டிக்கின நாள்லேருந்து."

சாமுவேல் சாரா? என் பிள்ளைக்கு 'அ' எழுதக் கை பிடித்தவரா?

"இவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எல்லாரையும்தான் பாவின்னு சொல்றார்."

"தெரியாமலா சொன்னாரு? கேட்டதும் மனசு ஆறிப்போச்சு. நான் பிஷப்புக்கெல்லாம் போவ மாட்டேன்மா."

வாசல் வரை போய்த் திரும்பினார்கள்.

"அவரையும் ஆண்டவர் மன்னிச்சு சேத்துக்குவாருன்னு ஐயர் சொன்னாரே. அப்போ அங்கயும் நான் அவரோடயே இருக்கணுமா?"

இவர் உள்ளேதான் இருந்தார். காதில் விழுந்திருக்கும்.