அம்மாவின் தலைக்குக் கொண்டுபோன எண்ணெய்

அன்புள்ள அண்ணைக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அதை வெட்டப் போனேன். பக்கத்தில் நின்ற என் மனைவி திரேசா, "இருக்கட்டும், கடிதமெண்டால் அப்பிடித்தானே தொடங்கிறது" என்றாள். அதனால் அது இருக்கிறது.

உங்கள் மகன் குகன் போன கிழமை கொட்டாஞ்சேனைக்கு வந்தான். அவன் எங்கள் வாசற்படியை மிதித்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை உங்கள் சாவைச் சொல்ல வந்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில் சித்தப்பாவும் ஏதாவது எழுத வேண்டுமாம். மற்றவர்கள் எழுதிக் கொடுத்த வெண்பாக்களைக் காட்டினான். அவற்றில் நீங்கள் கற்பகதரு, கேட்குமுன் கொடுத்த வள்ளல். எனக்கு அப்படிப் பாட வராது. நீங்கள் அப்படிப்பட்டவரும் அல்ல. ஆகவே கடிதம் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும். எங்கள் கோபத்தை அறியாத வீடு உங்கள் வெள்ளவத்தையில் எது?

அறியாதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண்ணைக் கலியாணம் செய்தேன். அண்ணை வரவில்லை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவர் வீட்டில் தங்கியிருந்த அம்மாவையும் வரவிடவில்லை. அம்மா விடியவே தோய்ந்து, வெள்ளைச் சீலை உடுத்து, விறாந்தையில் வந்து இருந்தாவாம். "ஒரு கார் பிடிச்சுத் தா மோனை, ஒருக்காப் பார்த்திட்டு வாறன்" என்று கேட்டாவாம். நீங்கள் பேப்பரை விரித்துப் பிடித்தபடி இருந்தீர்களாம். காலி வீதியைத் தனியே கடக்கத் தெரியாத மனுசி பின்னேரம்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தா. இதை அக்கா என்னிடம் சொன்ன நாளிலிருந்து நான் உங்களோடு கதைக்கவில்லை. நீங்களும் என்னோடு கதைக்கவில்லை.

கதைக்க வேண்டியதையெல்லாம் அக்கா கதைத்தா. புருசனை இழந்து உங்கள் வீட்டோடு வந்திருந்த அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி என்னிடம் வருவா. நீங்கள் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை உங்களுக்கும் சுமந்தா. சுடுசொற்களை வழியில் கொட்டிவிட்டுத்தான் சுமந்திருப்பா என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் ஆட்களிடம் கோபத்துக்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா? ஒரே பந்தலில் நிற்கலாம், ஒரே காரில்கூடப் போகலாம். நேரே கதைக்கக் கூடாது. அவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது.

ஒரே காரில் போனோமே, அண்ணை. அதைத்தான் எழுத வந்தேன்.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போயிருந்த அம்மா செத்த தந்தி இரண்டு வீட்டுக்கும் வந்தது. காலை ரயில் போய்விட்டது. இரவு மெயிலில் போனால் சாம்பலைத்தான் பார்க்கலாம். பொழுதுபடுமுன் எடுப்பதாக அப்பாவின் தம்பி சின்னையா தந்தியில் சொல்லியிருந்தார். தாய்க்குக் கொள்ளி வைக்கிறவன் கடைசி மகன், அது நான். என் பழைய கறுப்புக் காரை எடுத்துக்கொண்டு அக்காவை ஏற்ற வெள்ளவத்தைக்கு வந்தேன். அக்கா பையோடும் உங்களோடும் வாசலில் நின்றா.

"அவரும் வாறார். பின்னுக்கு இருப்பார். ரண்டு பேரும் வாயைத் திறக்க வேண்டாம், நான் அழவேணும்" என்றா.

அக்காவின் மடியில் ஒரு போத்தல் நல்லெண்ணெய் இருந்தது. முழுக்காட்டும்போது அம்மாவின் தலையில் அரப்போடு வைக்கிற எண்ணெய். ஊரில் எண்ணெய் இல்லையா என்று கேட்டேன். "இருக்கும். இது நான் வைக்கிறது" என்றா.

புத்தளத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். திரும்பக் காரை எடுத்தபோது அழுது களைத்த அக்கா என் பக்கத்து ஆசனத்தில் நித்திரையாகிவிட்டா. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் உங்களைக் கண்டேன். நீங்கள் திரும்பிப் பின்கண்ணாடி வழியே, கார் நின்ற இடத்தைப் பார்த்தீர்கள். பிறகு நிமிர்ந்து இருந்து அக்காவின் தலையைப் பார்த்தீர்கள். ஏதோ சொல்ல வாய் எடுத்ததுபோல இருந்தது. நானும் கேட்கவில்லை. கேட்கிற முறை எனக்கு இல்லை.

அனுராதபுரத்துப் பாதையில் காடு தொடங்கி வெகுதூரம் போனபின் கியர்ப்பெட்டி உறுமத் தொடங்கியது. கால் வைத்த பலகை சுட்டது. கியர் மாற்றப் போனால் பல்லோடு பல் அரைபட்டது. நிறுத்தினேன். அந்தச் சத்தத்தில்தான் அக்கா எழும்பினா. அவ கண் திறந்த அந்த நிமிடமே நீங்கள் சொன்னீர்கள்:

"அக்கா, புத்தளத்தில கார் நிண்ட இடத்தில எண்ணெய் ஒழுகிக் கிடந்தது. அவருக்குச் சொல்லு."

அக்கா சொல்லவில்லை. அது என் காதில் விழுந்ததை அவ பார்த்தா.

"அப்ப ஏனடா அங்கயே சொல்லேல்லை?"

"நீ நித்திரை."

புத்தளத்தில் கராஜ் இருந்தது, அண்ணை. நாங்கள் தேத்தண்ணி குடித்த கடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காருக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். கியர்ப்பெட்டியின் அடியில் எண்ணெய் வடிக்கும் துளையில் திருகாணியே இல்லை. ஒழுகி ஒழுகிக் கடைசியில் அதுவும் எங்கேயோ விழுந்துவிட்டது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. வழியில் வந்த வண்டில்காரக் கிழவர் மாட்டை நிறுத்திக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஆள் எண்டா புத்தளத்துலதான் இரிக்கு, மகன்" என்று சொல்லிப் போனார். வெயில் உச்சியை விட்டுச் சரிந்துவிட்டது. அக்கா றோட்டோரம் குந்தியிருந்து, "அம்மாவை எடுக்கப் போறாங்கள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தா.

நீங்கள் காட்டுக்குள் இறங்கி ஒரு காய்ந்த பாலைமரக் கொப்பை முறித்து வந்தீர்கள். பேனாக்கத்தியால் சீவத் தொடங்கினீர்கள். துளையின் அளவு தெரியாமல் என்னத்தைச் சீவுவது?

"அக்கா, எவ்வளவு மொத்தமெண்டு கேள்."

"அக்கா, சின்னவிரல் மொத்தமெண்டு சொல்லு. நுனி கூராக வேணும்."

"அக்கா, ஆரின்ரை சின்னவிரல் எண்டு கேள். அவரின்ரையோ, என்ரையோ?"

அக்கா எழும்பினா. "நான் என்ன தபால்கந்தோரோ? அங்க தாய் செத்துக் கிடக்கிறா. இங்க ரண்டு கழுதையள் முத்திரை ஒட்டிக்கொண்டு நிக்குதுகள்."

அதற்குப் பிறகும் நாங்கள் நேரே கதைக்கவில்லை. நீங்கள் குச்சியை நீட்டினீர்கள், நான் பொருத்திப் பார்த்துத் திருப்பி நீட்டினேன். உங்கள் சால்வைக் கரையைக் கிழித்துக் குச்சியில் சுற்றினீர்கள். அக்காவின் பையிலிருந்த சவர்க்காரத்தை அதன்மேல் அப்பினீர்கள். கடைசியில் நீங்களும் வேட்டியை மடித்துக்கட்டிக் கொண்டு காருக்குக் கீழே வந்தீர்கள். இரண்டு பேரும் தோளோடு தோள் முட்ட மல்லாந்து கிடந்தோம். சின்ன வயதில் ஒரே பாயில் கிடந்ததற்குப் பிறகு அவ்வளவு கிட்ட நாங்கள் கிடந்ததில்லை. நான் குச்சியைப் பிடித்தேன், நீங்கள் கல்லால் அடித்தீர்கள்.

ஓங்கிய ஒரு அடிக்கு முன், "தம்பி, கையைப் பார்" என்றீர்கள்.

நான் கையை எடுத்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாததுபோல அடுத்த அடியை அடித்தீர்கள். நேரே என்னிடம் நீங்கள் சொன்ன கடைசிச் சொற்கள் அவைதான் என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

துளை அடைபட்டது. ஊற்ற எண்ணெய் இல்லை. மூன்று பேருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. நீங்கள் அக்காவின் கையிலிருந்த போத்தலைப் பார்த்தீர்கள். அக்கா போத்தலை நெஞ்சோடு அணைத்தா.

"இது அம்மான்ரை தலைக்கு."

"போய்ச் சேர்ந்தால்தானே தலை" என்றீர்கள். மண்ணைப் பார்த்துத்தான் சொன்னீர்கள்.

அக்கா போத்தலைத் தந்தா. கால் வைக்கும் பலகையைக் கழற்றி, மேல்மூடியைத் திறந்து, பேப்பர்த் தாளைச் சுருட்டி வைத்து நான்தான் ஊற்றினேன். பெட்டிக்கு அது காணாது. பற்கள் நனைந்தால் போதும் என்று நினைத்தேன். சூடான இரும்பில் நல்லெண்ணெய் பட்ட வாசம் கார் முழுக்கப் பரவியது. எண்ணெய் தேய்த்து முழுக வார்க்கும் சனிக்கிழமை வாசம். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டா.

மாட்டு வண்டில் வேகத்தில் போனோம். எங்கள் ஒழுங்கைக்குள் கார் திரும்பியபோது இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே ஆம்பிளைகள் ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். சுடலைக்குப் போய்த் தோய்ந்துவிட்டு வருகிறார்கள். சின்னையாவின் மகன் தலையில் மயிர் இல்லை. மொட்டை அடித்திருந்தான். ஒருவரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. நான் செய்ய வேண்டியதை அவன் செய்துவிட்டான்.

கலியாணத்தன்று என்னைப் பார்க்க அம்மாவை நீங்கள் விடவில்லை. கடைசியாக அம்மாவைப் பார்க்க என்னையும் விடவில்லை. கந்தோரில் என்னைத் தாண்டிப் பதவி உயர்ந்தவர்களையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க மாட்டேன் என்று அந்த ஒழுங்கையில் நின்று நினைத்தேன். மறக்கவும் இல்லை.

மறுநாள் யாழ்ப்பாணத்து மெக்கானிக் அந்தக் குச்சியைப் பிடுங்க முடியாமல் திட்டித் தீர்த்தான். "ஆர் ஐயா இதை இறுக்கினது? இனிமேல் இது கழராது." அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தா. நீங்கள் வேலியைப் பார்த்தீர்கள். நான் கிணற்றைப் பார்த்தேன்.

அக்கா பிறகொரு நாள் உங்களிடம் கேட்டாவாம், புத்தளத்தில் தன்னைத் தட்டி எழுப்பியிருக்கலாமே என்று. அதற்கு நீங்கள், "நான் சொல்லிவிட்டதெண்டு தெரிஞ்சால் அவன் நிப்பாட்டியிருக்க மாட்டான். வேணுமெண்டே இன்னும் விரட்டியிருப்பான்" என்றீர்களாம். அக்கா அதைச் சொன்னபோது நான் ஏளனமாகச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. நிறுத்தியிருப்பேனா? நீங்கள் இல்லாத வெள்ளவத்தைப் பக்கம் பார்த்துத்தான் கேட்கிறேன்.

போன வருசம் அக்காவும் செத்துப்போனா. ஜப்பான்காரன் யுத்தம் முடிந்த கையோடு. அந்தச் செத்தவீட்டில் நீங்கள் ஒரு தூணடியில் நின்றீர்கள், நான் மறு தூணடியில் நின்றேன். அதன்பிறகு வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் ஆள் இல்லை. நீங்கள் மாசக்கணக்காகப் படுக்கையில் கிடந்தது எனக்குத் தெரியாது, அண்ணை. சத்தியமாகத் தெரியாது. குகன் சொன்னான்: "கடைசியில ஒருநாள் அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டு, 'அக்கா இருந்திருந்தால்' எண்டவர். ஏனப்பா எண்டு கேட்டன். ஒண்டும் சொல்லேல்லை."

குகனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பெற்ற பிள்ளை பக்கத்தில் இருந்தானே, அவனை அனுப்பக் கூடாதா? அவனுக்கு எங்கள் சண்டையைக் கொடுக்கக் கூடாதென்று நினைத்தீர்களா, அல்லது நான் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றா?

இங்கத்தைய புதினம் கேட்பீர்கள். கார் இப்போது ஓடுவதில்லை. யுத்தகாலத்தில் பெற்றோல் இல்லாமல் நிறுத்தியது, அப்படியே நிற்கிறது. வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று பஸ்ஸில் எல்லோரும் கதைக்கிறார்கள். உங்கள் செத்தவீட்டுக்கு நானும் திரேசாவும் வந்தோம். உங்கள் வீட்டுப் பெண்கள் விலகி அவளுக்குப் பாயில் இடம் விட்டார்கள். தலைக்கு எண்ணெய் வைக்க என்னையும் கூப்பிட்டார்கள். உள்ளங்கையில் நல்லெண்ணெய் வார்த்தபோது எனக்குச் சுட்ட இரும்பு மணத்தது. அம்மாவின் தலைக்குப் போகாத எண்ணெயை உங்கள் தலையில் வைத்தேன். நெற்றியில் வழிந்ததை என் கையால் துடைத்துவிட்டேன். அப்போதும் ஒன்றும் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் கேட்டிருப்பீர்களா?

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. பொய் எழுதி உங்களை அனுப்ப மாட்டேன். ஆனால் அந்தியேட்டிக்கு வருவேன். திரேசாவும் வருவாள். உங்கள் வீட்டில் இலை போட்டு இருந்து கை நனைப்போம். அம்மா இருந்த அந்தக் கதிரையைக் குகனிடம் கேட்டு வாங்கிவருவேன். இனி அவனோடு எனக்குக் கோபம் வந்தால், கொட்டாஞ்சேனையிலிருந்து நானே வந்து அவன் முகத்துக்கு நேரே சொல்வேன். அவன் நித்திரையென்றால் தட்டி எழுப்பிச் சொல்வேன்.

இப்படிக்கு,
நீங்கள் சொன்னது கேட்டுக் கையை எடுத்த
உங்கள் தம்பி